பெரியம்மா என்று சொல்லியிருக்கலாம்

என் அண்ணி வாயைத் திறந்தால் பொய்தான். கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை, தையல்காரிகள் எல்லாருமே அப்படித்தான். "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்பாள், துணியில் இன்னும் கத்தரியே பட்டிருக்காது. "காஜா மட்டும்தாங்க பாக்கி" என்பாள், அந்தச் சட்டைக்கு அப்போது கையே இருக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பேன்.

"அண்ணி, பாவசங்கீர்த்தனத்துல இதையெல்லாம் ஃபாதர்கிட்ட சொல்லுவீங்களா?"

"இது பாவத்துல வராதுடி. தொழில்."

வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் இரண்டு மெஷின், சுவரோரம் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின், நடுவில் வெட்டுகிற மேசை. மேசைக்கு அடியில் துணிப்பிசிறு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அண்ணனுக்குத் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிற வேலை. வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போன பிறகு நான் இவர்களோடுதான் இருக்கிறேன். அந்தக் கதை வேண்டாம், அந்த ஆளைப் பற்றிப் பேசினால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவள் உட்கார்ந்து அழுத ஆளும் இல்லை. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாதிப்பேர் போட்டிருக்கிறது என் கையால தைச்ச சட்டை, வேற என்ன வேணும்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பாள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தொழில் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் ஊருக்கு ஓரமாக ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு, வேறு பாஷை, ஆனால் அவர்களும் எங்களைப் போல கிறிஸ்தவ வேதக்காரர்கள்தான். அந்தக் காலத்தில் பாலத்தில் போக வர யாரும் யாரையும் கேட்டதில்லை. பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். எங்கள் கோயிலில் காலைப் பூசை எங்கள் பாஷையில், அடுத்த பூசை அவர்கள் பாஷையில். நடுவில் வாசலில் இரண்டு கூட்டமும் இடித்துக்கொண்டு நின்று, குடை மாறிப் போய், செருப்பு மாறிப் போய், ஒரே கலகலப்பாக இருக்கும். கடவுளுக்கு முன்னால் இந்தக் கரை அந்தக் கரை என்று ஒன்றும் கிடையாது என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்லும்போது, அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தோன்றும். தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது பிரசங்கம் வைப்பார்களா?

அப்படி அக்கரையிலிருந்து வந்தவள்தான் எங்கள் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்த பெண். புருஷன் இங்கே செங்கல் வேலைக்கு வந்தான், கூடவே வந்தாள். எங்கள் பேச்சை உடைத்து உடைத்துப் பேசுவாள். அவளுக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டு, அண்ணியிடம் வந்து, நீங்கதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்றாள்.

"நான் எதுக்கு? உங்க ஆளுங்க எவ்வளவு பேர் இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தரைக் கேளு."

"நீங்கதான் என் பக்கத்து மெஷின்" என்றாள் அவள்.

அதற்கு மேல் அண்ணி மறுக்கவில்லை. எங்கள் ஊரில் ஞானத்தாய் என்றால் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்து, வயிறார ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருஷம் பிள்ளையின் பெயரையே மறந்துவிடுவார்கள். ஆனால் அண்ணி அன்றைக்கு ஞானஸ்நானத் தொட்டியருகில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளையின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். "ஏத்துக்கறேன்" என்று அவள் சொன்ன சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. அண்ணன் என் காதில், "உன் அண்ணி கல்யாணத்துலகூட இவ்வளவு சத்தமா சம்மதம் சொல்லல" என்றான்.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. பேச வந்ததும் ஞானத்தாய் என்று முழுசாகச் சொல்ல நாக்கு வராமல் ஞானம்மா என்று கூப்பிட்டாள், அதுவே நிலைத்துவிட்டது. அப்பன்காரன் அக்கரைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. அம்மா நுரையீரலில் சீக்கு வந்து, மெலிந்து மெலிந்து, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். கல்லறையிலிருந்து திரும்பும்போது வாலு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் யாருக்கும் சொல்லவில்லை.

வந்த கொஞ்ச நாளில் வீடு இரண்டுபட்டது. ஒருநாள் அண்ணனின் சட்டைப் பையின் வாயை ஓவர்லாக்கில் கொடுத்துத் தைத்துவிட்டாள். அவன் கடைவீதியில் நின்று பைக்குள் கைவிட முயன்று திண்டாடியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினாள். பிறகு அந்தத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு நேரா ஓட்டியிருக்கா பாருடி" என்று என்னிடம் காட்டினாள். கொஞ்சுவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். வாலு எங்கள் பாஷையிலேயே படித்தாள், சண்டை போட்டாள், கனவில் உளறினாள். அவள் அம்மா பாஷையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பரலோக மந்திரமும் மாதா ஜெபமும்தான். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது, ஜெபம் மட்டும் பிசகாமல் சொல்லுவாள்.

அவளுக்குப் பதினாறு வயதானபோது சண்டை மூண்டது.

எதற்கு மூண்டது என்று என்னைக் கேட்காதீர்கள். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முதலில் பாலத்தை மூடினார்கள். அப்புறம் அவர்கள் பாஷைப் பூசை நின்றது. பீடத்துக்குப் பக்கத்தில் நம் கொடி வந்து நின்றது. அதைத் தைத்ததும் அண்ணிதான். ஏன் தைத்தீர்கள் என்று கேட்டேன். "நம்ம ஊருப் பசங்க ஆத்தங்கரையில நிக்கறாங்க, அவங்களுக்கும் ஜெபிக்கணும்தானே" என்றாள். அவளுக்குச் சொந்த நாட்டின் மேல் பகை ஒன்றும் இல்லை. அந்தப் பசங்களில் ஒருவன் கோயில் செயலாளரின் மகன். சின்ன வயதில் அவன் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கியபோது போட்ட வெள்ளைச் சட்டை அண்ணி தைத்தது. அவனைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணி அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. செயலாளர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அப்புறம்தான் அறிவிப்பு வந்தது. அக்கரை ஆட்கள் எல்லாரும் திரும்பிப் போக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்து, இங்கே சொந்தக்காரர் பொறுப்பு எடுத்துக்கொண்டால் மட்டும் இருக்கலாம். இல்லையென்றால் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வாலுவுக்கு அங்கே ஒரு சித்தப்பா இருப்பதாகக் கேள்வி. முகம்கூடத் தெரியாது.

"இதுல என்ன இருக்கு, நாம போய் நான்தான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்தா முடிஞ்சுது" என்றாள் அண்ணி. நல்ல புடவை கட்டிக்கொண்டாள். நானும் வாலுவும் கூடப் போனோம்.

அலுவலகத்தில் ஒரே கூட்டம். பேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. மேசையில் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷன், அதை நான் சொல்லியாக வேண்டும். மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வாலுவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"என்ன உறவும்மா?"

"ஞானத்தாய்ங்க."

"அப்படின்னா?"

"ஞானஸ்நானத்துல இவளை ஏத்துக்கிட்டவ. நான் இவளோட ஞானத்தாய்."

"அது உங்க கோயில் சமாச்சாரம். எனக்குச் சொந்தம் வேணும். பெரியம்மா, சித்தி, அத்தை, இப்படி ஏதாவது." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு கரையிலயும் பெண் குடுத்து எடுத்தவங்கதானே நீங்கள்லாம். இந்தப் பொண்ணு உங்களைப் பெரியம்மான்னு கூப்பிடறதுண்டா? அப்படின்னா பெரியம்மான்னே சொல்லிடுங்க. சாட்சிக்கு ரெண்டு பேர் போதும். நான் நோண்டி நோண்டிக் கேக்கப் போறதில்ல."

இதைவிட ஒருவர் வாயில் ஊட்ட முடியுமா? நான் மேசைக்கடியில் அண்ணியின் காலை மிதித்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை கூசாமல் புளுகுகிறவள். கையில்லாத சட்டைக்குக் காஜா பாக்கி என்று சொல்லுகிறவள். இங்கே பொய்கூட இல்லை. அம்மாவோடு அக்காதங்கை மாதிரிப் பழகியவளைப் பிள்ளை பெரியம்மா என்று கூப்பிடுவது ஊர் வழக்கம்தானே!

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மாவைவிடப் பெருசுங்க இது. பெரியம்மாங்கறது தானா வந்து ஒட்டிக்கறது. இது கடவுள் முன்னாடி நின்னு, கேட்டு, நான் வாயால சம்மதிச்சு வாங்கினது. சபைக்கே தெரியும். நீங்க ஞானத்தாய்னே எழுதிக்குங்க."

சத்தமாக வேறு சொன்னாள், தொட்டியருகில் சொன்ன மாதிரியே. பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி தலையைத் தூக்கினார். "சொந்தம் இல்லாதவங்களை எதுக்குய்யா உட்காரவெச்சுப் பேசிட்டிருக்கே? அடுத்த ஆளைக் கூப்பிடு." குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் எழுந்தபோது மெதுவாகச் சொன்னார்: "உங்க கோயிலே பொறுப்பு எடுத்துக்குதுன்னா பொண்ணை இங்கயே நிறுத்தி வைக்கலாம். சபையா ஒத்துக்கணும். அதைப் பாருங்க."

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "ஊர்ல உள்ள எல்லாருக்கும் பொய் சொல்றீங்க, இங்க ஒண்ணு சொன்னா நாக்கு வெந்துடுமா? யாருக்கு வேணும் உங்க பெருமை?"

"சட்டைக்குச் சொல்றதும் இதுவும் ஒண்ணாடி?" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. "கோயில் இருக்கே. நம்ம கோயில் இல்லேன்னா சொல்லிடும்?" அவள் அதை நம்பினாள்.

நேராக ஃபாதரிடம் போனோம். இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ஃபாதர், வயசாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பெரியம்மான்னு சொல்லியிருக்கலாமேம்மா."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியதை நான் அப்போதுதான் பார்த்தேன். அதிகாரி துரத்தியபோதுகூட அப்படி மாறவில்லை.

"நீங்களே சொல்றீங்களா ஃபாதர்? நீங்கதானே கேட்டீங்க, ஏத்துக்கறியான்னு? அது உறவு இல்லேன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நான் சும்மா ஒரு சட்டை எடுத்துக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

ஃபாதர் வெட்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சபையிடம் நீங்களே கேளுங்கள், நான் கூட நிற்கிறேன் என்றார். சொன்னபடி நின்றார்.

அன்று கோயில் நிறைந்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு நாம் பொறுப்பு என்று ஒத்துக்கொள்கிறவர்கள் எழுந்து நிற்கட்டும் என்று ஃபாதர் சொன்னார். அண்ணி முன்னால் நின்று சபையைப் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் இவளைத் தெரியும். இந்தக் கோயில்லதான் தண்ணி ஊத்தினோம். நம்ம பிள்ளை. வேற நான் என்ன சொல்ல?"

அண்ணன் எழுந்தான். நான் எழுந்தேன். அவ்வளவுதான். அண்ணியிடம் தைத்துப் போட்டவர்கள், அவள் தோளில் சாய்ந்து அழுதவர்கள், குடையும் செருப்பும் மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர்கள், எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் பெஞ்சில் ஒரு கிழவர் பாதி எழுந்தார், பக்கத்தில் இருந்த மருமகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுந்தவர்கள் வீட்டுக்குக் கல் வரும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முன்வரிசையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தார். ஆதரவாக எழுந்தாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்றார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா எனக்கு ஒண்ணு கேக்கணும். என் பையனைச் சுட்டவனும் வேதக்காரன்தான். அன்னிக்குக் காலைல அவனும் பூசை பாத்திருப்பான். நம்ம சொல்ற ஜெபத்தையே சொல்லியிருப்பான். எல்லாரும் ஒண்ணு, ஒண்ணுங்கறீங்களே. அதைக் கேட்டா எனக்கு ஆறுதலா இருக்கணுமா? எனக்கு அதுதான் தாங்கல."

அவர் உட்கார்ந்தார். அவர் சம்சாரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். என்னிடம் வண்டி வண்டியாகக் கோபம் இருந்தது. அண்ணி அவரிடம் போய், அவர் கையைத் தொட்டாள். பிறகு வந்து வாலுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறுதிப் பாட்டை யாரோ எடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். பாட்டுக்கு எழுந்தார்கள், பாருங்கள்.

கிளம்புவதற்குள் அண்ணி அவளுக்கு ஒரு பெட்டி நிறையத் துணி தைத்தாள். எல்லாவற்றிலும் உள்தையலில் தாராளமாகத் துணி விட்டாள், வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம் என்று. வாலு குறும்பு பண்ணுவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் தன் சட்டையை ஓவர்லாக் பக்கத்தில் வேண்டுமென்றே போட்டுவைத்தான். அவள் அதை மடித்து அலமாரியில் வைத்தாள். அவன் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

வழியனுப்ப வந்த யாரையும் பஸ் பக்கத்தில் விடவில்லை, சொந்தக்காரர்களைக்கூட விடவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். "எனக்குப் பயமா இல்ல ஞானம்மா" என்றாள் வாலு, பல் தந்தியடிக்க. "தெரியும்டி, நீ தைரியசாலி" என்றாள் அண்ணி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து அப்பட்டமாகப் புளுகினார்கள். பஸ் போன பிறகும் அண்ணி வேலியை விடவில்லை. கம்பி பதிந்த கையோடு வீட்டுக்கு வந்து, மெஷின்மேல் உறையைப் போட்டு மூடினாள்.

கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. போகாதீர்கள் என்று நான் சண்டை போட்டேன். "சாமி என்னடி பண்ணுவார், அவரையும் ஒரு பக்கமா உட்கார வெச்சுட்டாங்க" என்றாள். செயலாளர் வீட்டு அம்மாவுக்கு முன்போலவே ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். சொன்ன நாளில் கொடுத்தாள். யாரிடமும் இப்போதெல்லாம் அவள் நாளைக்கு என்று சொல்வதில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சேதி இல்லை. ஒரு மத்தியானம் கடைப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வாலுவின் குரல், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை தயங்கிற்று. அண்ணி கத்தரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். போனுக்கு இரண்டு பக்கமும் காதை ஒட்டிக்கொண்டோம்.

சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். பரவாயில்லை. ஒரு தையல் கடையில் வேலை. கோயிலுக்குப் போகிறாள். அங்கே உறுதிபூசுதல் கொடுக்கிறார்கள், அதற்குக் கூட நிற்க ஒரு ஆள் வேண்டும், உன் ஞானத்தாய் எங்கே என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது நிறுத்தினாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்கன்னு சொன்னா இங்க பிரச்சினையாயிடும் ஞானம்மா. அதனால..."

"அதனால என்ன, சொல்லுடி."

"செத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

"அவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க ஞானம்மா. உங்களுக்காகப் பூசை வெச்சாங்க. நான் வேண்டாம்னேன், கேக்கல. நல்ல ஆத்மா, ஒரு அநாதைப் பிள்ளையை வளர்த்தவங்கன்னு அந்த ஃபாதர் பிரசங்கம்கூட வெச்சார். கோயில் நிறைய ஆளு. எல்லாரும் உங்களுக்காக முழங்கால் போட்டாங்க. நான் நடுவுல உட்கார்ந்து அழுதேன், அவங்க எல்லாரும் என்னைத் தேத்தினாங்க. எனக்கு இப்ப இங்க வேற ஞானத்தாய் இருக்காங்க. கோவமா ஞானம்மா?"

அண்ணி போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "அவங்க உன்னை நல்லாப் பாத்துக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"அப்ப சரி. நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். நீ நல்லா இரு கண்ணு."

போனை வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள், கத்தரியை எடுத்தாள், எதை வெட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரியாமல் துணியைத் தடவினாள். "கோயில் நிறைய ஆளாம்டி" என்றாள் என்னிடம். "எனக்காக." அப்புறம்தான் அழுதாள். அத்தனை நாளும் அழாததையெல்லாம் சேர்த்து, வாயை மூடிக்கொள்ளாமல், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க அழுதாள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் வாலுவிடமிருந்து போன் வரவில்லை. எப்படி வரும்? செத்துப்போனவளுக்கு யார் போன் பண்ணுவார்கள்?